இயந்திரமே நம்பத்தகாதது என்றால், மெக்கா அனிமேயின் தரத்தை எதை வைத்து அளப்பது?

கொக்குவில்_மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2021 இல் வெளிவந்த ‘எயிற்றி சிக்ஸ்’ என்ற அனிமே (யப்பானிய அனிமேஷன்) தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். அதன் பின்னர், போர் றோபோக்களை மையமாகக் கொண்ட மெக்கா வகையைச் சேர்ந்த வேறு தொடர்களையும் பார்க்கத் தொடங்கினேன். சிலவற்றை ஆரம்ப அங்கங்களிலேயே கைவிட்டேன். சிலவற்றை நித்திரையைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இணையத்தில் பட்டியல்கள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் ஒரு தொடர் ஏன் அப்பட்டியலில் இடம்பெற்றது என்பதை அவற்றைத் தொகுத்தவர்கள் விளக்குவதில்லை.

நான் பொறியியல் பீட மாணவன் என்பதால் கூடப் படிப்பவர்களின் கேலிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வடிவம் மாறாமல் ஒன்றின் உயரத்தை இருமடங்காக்கினால் அதன் நிறை எட்டு மடங்காகிறது. அந்த நிறையைத் தாங்க வேண்டிய கால்களின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் கூடுகிறது. ஆகவே இரண்டு காலில் நிற்கும் 18 மீற்றர் உயரப் போர் இயந்திரத்தைவிட, தரையோடு தரையாக ஊரும் யுத்த தாங்கிகளைச் செய்வதே அறிவுடைமை என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் பிழை காண என்னால் முடியவில்லை. அப்படியானால், நம்பத்தகாத இயந்திரம் ஒன்றை நடுவில் வைத்துச் சொல்லப்படும் கதையை எந்த அளவுகோலால் அளப்பது? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


சுன்னாகம்_கராஜ் எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர்களின் கணக்கை இத்தொடர்களை உருவாக்கியவர்களும் அறிந்தே இருந்தார்கள். யொஷியுகி டொமினோ இயக்கி 1979 இல் ஒளிபரப்பான முதலாவது ‘மொபைல் சூட் கன்டம்’ தொடரில் மினோவ்ஸ்கி துகள் என்ற ஒரு கற்பனைப் பொருள் வருகிறது. அது பரவிய இடத்தில் ராடார் வேலை செய்யாது, தொலைவிலிருந்து வழிநடத்தப்படும் ஏவுகணையும் இலக்கை அடையாது. ஆகவே எதிரிகள் ஒருவரையொருவர் கண்ணால் காணும் தூரத்துக்கு வந்தே சண்டையிட வேண்டியிருக்கிறது, கைகால் உள்ள இயந்திரத்துக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. ஒரேயொரு பொய்க்குப் பார்வையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றிலும் கணக்குத் தவறாமல் நடப்பதாக ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை இது. அந்த உடன்படிக்கை எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகிறது என்பதை வைத்தே நான் ஒரு தொடரை மதிப்பிடுகிறேன். இன்னும் நேராகச் சொன்னால், இந்த இயந்திரம் ஓடுவதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதே என்னுடைய கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குத் தொழிலால் வந்தது. தொண்ணூறுகளின் முதற் பாதியில், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நடைமுறையில் இருந்தபோது, நான் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். கிடைத்த சொற்பப் பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. புகையையும், கரி பிடித்த பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கும் வேலையையும் பொறுத்துக்கொண்டுதான் சனங்கள் ஆசுபத்திரிக்கும் கச்சேரிக்கும் (அரச செயலகத்துக்கும்) போய்வந்தார்கள். எரிபொருள், உதிரிப்பாகம், பராமரிக்கும் கை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இயந்திரம் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால், நேற்று நொறுங்கிய றோபோ இன்று புதுப் பூச்சோடு வந்து நின்றால், அந்தத் தொடரில் எனக்கு ஆர்வம் அற்றுப்போகிறது.

ரியோசுகே தகஹாஷி இயக்கிய ‘ஆர்மர்ட் ட்ரூப்பர் வோட்டம்ஸ்’ (1983) இந்த வகையில் உச்சம் என்பது என் கருத்து. அதில் வரும் ஸ்கோப்டோக் என்ற றோபோ ஏறக்குறைய 4 மீற்றர் உயரமே உள்ளது. அதன் கவசம் மெல்லியது. அதன் செயற்கைத் தசைகளை இயக்கும் திரவம் காலப்போக்கில் பழுதடைவதோடு எளிதில் தீப்பற்றவும் கூடியது. கதாநாயகன் கிரிக்கோ தன் இயந்திரத்தின் மீது பாசம் வைப்பதில்லை. ஒன்று அழிந்தால், கிடைக்கும் இன்னொன்றில் ஏறிக்கொள்கிறான். படைவீரனும் அவ்வாறே மாற்றீடு செய்யப்படக்கூடிய ஒரு பொருளாகக் கருதப்படும் உலகம் அது என்பதை எவரும் வாய்திறந்து சொல்லாமலே இந்த ஏற்பாடு நமக்கு உணர்த்திவிடுகிறது.

முதலாவது கன்டம் தொடரிலும் இப்படியான இடங்கள் பல உண்டு. வைட் பேஸ் என்ற விண்கப்பலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முறையான பயிற்சி பெறாத இளையவர்கள். ஆரம்பத்தில் அகதிகளையும் ஏற்றிக்கொண்டு அலைகிறார்கள். 16ஆம் அங்கத்தில் சமையல்காரர் உப்பு முடிந்துவிட்டதென்று முறையிட, போர்க்கப்பல் ஒன்று உப்பு ஏரியைத் தேடிப் போகிறது. ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து பயணம் செய்தவர்களுக்கு இந்த அங்கம் கூடுதலாகப் பிடிக்குமென்று நினைக்கிறேன். 14ஆம் அங்கத்தில் எதிரிகளான ஸியோன் தரப்பின் சாதாரண சிப்பாய்கள் சிலர் சிறிய பறக்கும் வண்டிகளில் வந்து, கன்டம் என்ற பிரமாண்டமான றோபோவின் உடலில் நேரக்குண்டுகளை ஒட்டிவிடுகிறார்கள்; அதை ஓட்டும் அமுரோ அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். பின்னர் அதே சிப்பாய்கள் ஊர்க்காரரைப்போல உடுத்துக்கொண்டு, அதைச் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பதற்கு வந்து போகிறார்கள். உலகத்தின் கதி எதுவும் அந்த அங்கத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. ஆயினும் இயந்திரத்துக்கு உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்ற எண்ணம் எதிரியின் மனதில் தோன்றும் கணத்தை இவ்வளவு அமைதியாகக் காட்டிய வேறு அங்கத்தை நான் காணவில்லை.

ஹிடேயாகி அன்னோவின் ‘நியோன் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ (1995) பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் உளவியலையே பேசுகிறார்கள். எனக்கு முதலில் பிடித்தது அதன் மின்கம்பி. அதில் வரும் போர் இயந்திரத்தின் முதுகில் பொருத்திய கம்பி அறுந்துவிட்டால், உள்ளே இருக்கும் மின்சாரம் முழு வேகத்தில் ஐந்து நிமிடமும் தாங்காது. 6ஆம் அங்கத்தில் ஒரேயொரு துப்பாக்கிச் சூட்டுக்காக யப்பான் முழுவதன் மின்சாரத்தையும் ஓரிடத்துக்குத் திருப்புகிறார்கள். நகரம் நகரமாக விளக்குகள் அணைகின்றன. 2022 இல் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வரை அனுபவித்த நமக்கு, அந்தச் சூட்டின் விலை யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்பது உடனே விளங்கும்.

வரலாற்றையும் சிறிது பாருங்கள். 1956 இல் மிட்சுதெரு யொகோயமா தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ சித்திரக் கதையில் றோபோ வெளியிலிருந்து இயக்கப்பட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டி எவர் கையில் இருந்ததோ அவருக்கு அது பணிந்தது. 1972 இல் கோ நகாயின் ‘மஸிங்கர் ஸெட்’ இளைஞன் ஒருவனை றோபோவின் தலைக்குள் கொண்டுபோய் வைத்தது. அன்று முதல் இயந்திரத்தின் மீது விழும் அடி உள்ளே இருப்பவனின் உடம்பிலும் விழுகிறது. நீங்கள் பார்த்த ‘எயிற்றி சிக்ஸ்’ இந்த ஏற்பாட்டை அரசியலாக மாற்றுகிறது: தன் இயந்திரங்களில் ஆட்களே இல்லையென்று குடியரசு அறிவித்துவிட்டது, ஆனால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், குடிமக்களாகக் கணக்கெடுக்கப்படாததால் அவர்களுடைய இறப்பும் இறப்பாகப் பதிவாவதில்லை. இயந்திரத்தை எடுத்துவிட்டால் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. உங்களுக்கு அது பிடித்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.


திருநெல்வேலி_தூரிகை எழுதியது:

சுன்னாகம் அண்ணையின் அளவுகோலை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஹிரொயுகி இமயிஷியின் ‘குரென் லகன்’ (2007) முதற் சுற்றிலேயே தோற்றுவிடும். அதில் எரிபொருளைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஓட்டுபவரின் மனவலிமை கூடக்கூட இயந்திரமும் வளர்கிறது, கடைசியில் விண்மீன் மண்டலங்களே சிறிதாகத் தெரியும் அளவுக்குப் போகிறது. ஆயினும் 27 அங்கங்களையும் நான் இருப்புக்கொள்ளாமல் பார்த்தேன். தான் சொன்னதைத் தானே மீறிக்கொண்டு போவதையே ஒரு விதியாக வைத்துக்கொண்டு, அந்த விதியை ஓரிடத்திலும் கைவிடாத தொடர் அது. விலை கேட்பது ஒரு வழி. அசைவைப் பார்ப்பது இன்னொரு வழி. படம் வரைபவன் என்ற முறையில் நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன்.

றோபோவுக்கு நிறை இருப்பதாக நம்மை நம்பவைப்பது வசனமல்ல, நேரக்கணிப்பு. கால் நிலத்தைத் தொட்ட பின்னர் உடல் ஒரு கணம் தாழ வேண்டும், தூசி அதற்குப் பிறகே எழ வேண்டும், கை வீசும்போது தோள் முந்தி விரல்கள் பிந்த வேண்டும். இந்தப் பிந்தல்களைச் சரியாக வரைந்தால் உங்கள் நண்பர்களின் சமன்பாடு பார்வையாளருக்கு நினைவிலேயே வராது. பழைய தொலைக்காட்சித் தொடர்களில் ஒவ்வொரு வாரமும் றோபோவின் பாகங்கள் ஒன்றாக இணையும் ஒரே காட்சியையும் ஒரே வாள்வீச்சையும் மீண்டும் மீண்டும் காட்டியதற்குக் காரணம் செலவுதான். வரைந்ததைச் சேமித்து வைத்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தச் செலவைச் சுமந்தவர்கள் விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கன்டமின் உடலில் வெள்ளையோடு நீலமும் சிவப்பும் மஞ்சளும் பளிச்சிடுவது போர்க்களத்துக்கு ஏற்ற நிறத்தேர்வல்ல, கடைத் தட்டுக்கு ஏற்ற தேர்வு. அவ்வளவு செய்தும் ஆரம்பத்தில் பார்வையாளர் போதாமல், 52 அங்கங்களாகத் திட்டமிடப்பட்ட அத்தொடர் 43 உடன் நிறுத்தப்பட்டது. மறு ஒளிபரப்புகளும் 1980 இல் பண்டாய் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய பிளாஸ்டிக் மாதிரிகளும் அதைப் பின்னர் தூக்கி நிறுத்தின. (அந்த மாதிரிகளில் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வாங்குவதற்கு எவராவது வழி கண்டிருந்தால் எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.)

அசைவுக்கு உதாரணம் வேண்டுமானால் 1982 இல் வந்த ‘மெக்ரோஸ்’ தொடரைப் பாருங்கள். ஷோஜி கவமோரி வடிவமைத்த வல்கிரி, போர்விமானமாகவும் றோபோவாகவும் மாறுவது. அந்த மாற்றம் வெறும் அலங்காரமாக நில்லாமல், பறத்தலிலிருந்து நிற்றலுக்கு வருவது சண்டையின் தாளத்தையே மாற்றுகிறது. இச்சிரோ இட்டனோ அனிமேஷன் செய்த ஏவுகணைக் கூட்டங்களில் ஒவ்வோர் ஏவுகணையும் தனக்கென்று ஒரு பாதையை எடுத்துக்கொண்டு வளைந்து வருகிறது, பார்ப்பவரின் கண்ணும் விமானத்தோடு சேர்ந்து தப்பியோடுகிறது. தொலைக்காட்சித் தொடர் என்பதால் எல்லா அங்கங்களும் இந்தத் தரத்தில் இல்லை; சில அங்கங்களில் முகங்களே கோணலாக இருக்கின்றன. பாட்டு ஒன்று போரின் போக்கை மாற்றும் என்ற அதன் துணிச்சலான கற்பனைக்காக அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

கணினி முப்பரிமாணத்தைப் பற்றியும் ஒரு சொல். கோடுகள் நிறைந்த இயந்திரத்தைக் கையால் வரைவதற்கு நேரமும் அதில் தேர்ந்தவர்களும் வேண்டும், இரண்டும் அரிதாகிவிட்டதால் பல தொடர்கள் கணினிக்குப் போயின. கணினி றோபோக்கள் பாரமில்லாமல் வழுக்குகின்றன என்ற குறை பெரும்பாலும் உண்மைதான், ஆனால் தவறு கருவியுடையதல்ல. நான் மேலே சொன்ன பிந்தல்களை வைக்காமல் விட்டவருடையது. ‘எயிற்றி சிக்ஸ்’ இல் வரும் ஜக்கர்நோட் நான்கு கால்களுடன் சிலந்தியைப்போலத் தாழ்ந்து ஓடுவது. வயரை எறிந்து கட்டடங்களில் தாவுவது. பெயருக்குத்தான் கவசம், உண்மையில் இலேசானது. அதன் இயல்பே வழுக்குவதாக இருப்பதால் கணினி அதற்குப் பொருந்திவிட்டது. வடிவமைப்பும் கருவியும் ஒன்றையொன்று அறிந்து நடந்தால் கையா கணினியா என்ற சண்டைக்கு இடமில்லை.


வடமராட்சி_வாசகி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் இயந்திரத்தின் உள்ளே இருந்தும் வெளியே நின்றும் பார்த்திருக்கிறார்கள். அதன் காலடியில் இருப்பவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. 18 மீற்றர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு வீதியில் ஓடும் சனம் தெரியாது. அந்தச் சனத்தை ஒரு தொடர் காட்டுகிறதா, காட்டினால் கட்டடம் சரிவதற்கான பின்னணியாகக் காட்டுகிறதா, பெயரும் வீட்டு விலாசமும் உள்ளவர்களாகக் காட்டுகிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். செல் (எறிகணை) விழுந்த வளவுக்குள் பிள்ளைகள் வெற்றுக்கோது பொறுக்கிச் சேர்த்த ஊரில் பிறந்தவள் இப்படிப் பார்ப்பதில் வியப்பில்லை.

அதனால் என்னுடைய முதற் தெரிவு 1989 இல் ஆறே அங்கங்களாக வெளிவந்த ‘கன்டம் 0080: வோர் இன் த பொக்கெட்’. நடுநிலை வகிக்கும் விண்குடியிருப்பு ஒன்றில் வாழும் பள்ளிச் சிறுவன் அல், போரை ஒரு பெரிய விளையாட்டாக எண்ணுகிறான். சாகு என்ற இயந்திரம் தன் ஊரில் விழுந்ததும் பயப்படாமல் மகிழ்ச்சியோடு அதைப் பார்க்க ஓடுகிறான். அங்கே சந்திக்கும் பேர்னி என்ற இளம் சிப்பாயோடு அவனுக்கு உண்டாகும் நட்பே கதை. றோபோச் சண்டைகள் மிகக் குறைவு. அவை வரும்போது எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்று ஆசைப்படக்கூட நமக்கு முடியாமற் போய்விடுகிறது. முடிவை இங்கே எழுதமாட்டேன். பாடசாலைக் கூட்டத்தில் மற்றப் பிள்ளைகள் அலுக்கு ஆறுதல் சொல்லும் காட்சியில், அவர்கள் சொல்வது என்னவென்பதைக் கவனமாகக் கேளுங்கள்.

‘அயர்ன் பிளட்டட் ஓர்பன்ஸ்’ (2015) பற்றி எனக்கு இரண்டு மனம். செவ்வாய்க் கிரகத்தில் வேலைக்கமர்த்தப்பட்ட சிறுவர்களின் முள்ளந்தண்டில் ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். வளரும் உடம்பே அதை ஏற்றுக்கொள்ளும் என்பதால் அது வளர்ந்தவர்களுக்குப் பொருத்தப்படுவதில்லை. வறுமை ஒரு பிள்ளையின் முன்னால் வேறு வழியை விட்டுவைக்காதபோது அவன் எப்படி ஆயுதமாக்கப்படுகிறான் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தொடர்கள் குறைவு. சுன்னாகம் அண்ணை கேட்கும் விலை இதில் எழுத்துக்கு எழுத்து உடம்பிலேயே வசூலிக்கப்படுகிறது. ஆனால், பிற்பகுதிக்குப் போகப்போக அந்தச் சிறுவர்களின் விசுவாசத்தையும் சாவுத் துணிவையும் இசையும் ஒளியும் சேர்த்து அழகாக்கிவிடுகிறார்கள். அழகாக்கப்பட்ட அந்த இடங்களில் என்னால் தொடரோடு சேர்ந்து நிற்க முடியவில்லை. பாருங்கள், ஆனால் அந்த அழகை ஐயத்தோடு பாருங்கள்.

‘கோட் கியஸ்’ (2006) பிடிக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் பெயரைப் பறித்து அதற்கு ‘ஏரியா 11’ என்று எண் கொடுக்கும் எண்ணம் கூர்மையானது. ஒவ்வோர் அங்கமும் அடுத்ததைப் பார்க்க வைக்கிறது. சனங்கள் மட்டும் கதாநாயகனின் சதுரங்கக் காய்களாகவே இருந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

தொடர் அல்லாத ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். மமொரு ஒஷியி இயக்கிய இரண்டாவது ‘பட்லேபர்’ திரைப்படத்தில் (1993) றோபோக்கள் சொற்ப நேரமே வருகின்றன. டோக்கியோ நகரத்தின் சந்திகளில் தாங்கிகளும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் நிற்க, அவர்களைக் கடந்து சனங்கள் வழமைபோல வேலைக்கும் பள்ளிக்கும் போகும் காட்சிகள் நீளமாக வருகின்றன. யப்பானியப் பார்வையாளருக்கு அது நடக்கவியலாத கனவாகத் தோன்றியிருக்கலாம். இங்கே அதைப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது.


கொக்குவில்_மாணவன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நான் கைவிட்ட தொடர்களை இப்போது நினைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றில் இயந்திரம் கதாநாயகனுக்குப் பரிசாகக் கிடைத்ததே தவிர, அதனால் அவன் எதையும் இழக்கவில்லை. தூரிகை அண்ணா சொன்ன அசைவைக் கவனித்துப் பார்க்க எனக்கு இன்னும் பழக்கம் போதாது. இரண்டு விடயங்களை மட்டும் கேட்கிறேன். 1979 இன் சித்திரங்கள் கண்ணுக்குப் பழையனவாக இருக்கின்றன. அதற்குப் பதிலாகத் திரைப்படத் தொகுப்பைப் பார்த்தால் போதுமா? மேலே குறிப்பிட்டவற்றை எந்த ஒழுங்கில் பார்ப்பது?


சுன்னாகம்_கராஜ் எழுதியது:

வாசகி சொன்ன 0080 இலிருந்து தொடங்குங்கள் தம்பி. ஆறு அங்கங்கள்தான், வேறு எந்தக் கன்டமையும் பார்க்காமலே விளங்கும். 1981, 1982 ஆண்டுகளில் வந்த மூன்று திரைப்படங்களும் முதல் தொடரைச் சுருக்கியவை. சித்திரங்கள் பல இடங்களில் மேம்படுத்தப்பட்டிருக்கின்றன, கதையும் வேகமாகப் போகிறது. ஆனால் போரிலிருந்து விலகி அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் சிப்பாயைப் பற்றிய 15ஆம் அங்கம் அவற்றில் இல்லை. அதைப் பார்க்க விரும்பினால், முதல் தொடரின் கதாபாத்திரங்களை வடிவமைத்த யொஷிகசு யசுஹிகோ அதே கதையை 2022 இல் தனித் திரைப்படமாக இயக்கியிருக்கிறார். புதுச் சித்திரம் என்பதால் உங்கள் கண்ணுக்கும் இதமாக இருக்கும். எவாஞ்சலியனின் கடைசி இரண்டு அங்கங்கள் உங்களைக் குழப்பினால் கோபித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள், 1997 இல் வந்த ‘எண்ட் ஒவ் எவாஞ்சலியன்’ படத்தையும் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதுங்கள்.

குரென் லகனை நானும் பார்க்கத் தொடங்குகிறேன். பிடிக்குமென்று இப்போது வாக்குக் கொடுக்கமாட்டேன்.

தகஹாஷி வோட்டம்ஸுக்கு முன்னர் செய்த ‘டக்ராம்’ (1981) தொடரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றக் கிரகம் ஒன்று பூமியிடமிருந்து விடுதலை கேட்கும் கதை அது. பாலைநிலத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் றோபோவைக் காட்டித்தான் தொடங்குகிறது. களத்தில் நடக்கும் சண்டைக்கு ஈடாக மேசையில் நடக்கும் பேரமும் காட்டிக்கொடுப்பும் வருகின்றன. 75 அங்கங்கள் என்பதால் பரீட்சை முடிந்த பின்னர் கையில் எடுங்கள்.